பேர் வெட்டின பாத்திரங்கள்

செவக்காட்டூரில் எவர்சில்வர் பாத்திரத்தைத் தேய்த்தால் மனுசருக்கு எரிய ஆரம்பித்தது ஒரு பங்குனிப் பொங்கல் முடிந்த மறுநாள். ஊரே சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுப் போன பிறகு, ஊர் மண்டபத்தின் பின்கட்டில் அண்டாவும் குண்டானும் தாம்பாளமும் மலையாகக் கிடக்க, பாத்திரம் தேய்க்கிற சீனியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் கம்பி நாரைச் சுருட்டிப் பிடித்து, பாயசம் அடிப்பிடித்த பெரிய அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டு வறட்டு வறட்டென்று தேய்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், ரெண்டு தெரு தள்ளிக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்த மண்டபத் தலைவர் அய்யாத்துரை, "ஐயையோ, என் வயிறு!" என்று அலறிக்கொண்டு எழுந்தார். அவர் சம்சாரம் பனியனைத் தூக்கிப் பார்த்தாள், தொப்பையில் பூனை பிறாண்டினதுபோலச் சிவப்புக் கோடுகள் பார்க்கப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தன. சீனியம்மா கொண்டை முடிய நாரைக் கீழே வைத்தாள், கோடுகள் நின்றன. மறுபடி எடுத்தாள், மறுபடி கிளம்பின. அண்டாவின் விளிம்பில் 'உபயம் ச. அய்யாத்துரை' என்று பேர் வெட்டியிருந்தது. விஷயம் இவ்வளவுதான்.

டாக்டர் வேர்க்குரு என்றார், தடவ மருந்து கொடுத்தார், மறுநாள் அவரே முதுகைச் சொறிந்துகொண்டு வந்து, தன் பேர் வெட்டின சாப்பாட்டு அடுக்கை எந்த வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடுத்தோம் என்று சம்சாரத்திடம் விசாரித்துக்கொண்டிருந்தார். ஏன் இப்படி ஆச்சு என்று கேட்டவர்கள் கொஞ்சம்பேர்தான். கோவில் பூசாரி குறி பார்த்தார், அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு அதைவிட அவசரமான வேலை இருந்தது, தன் பேர் வெட்டின பாத்திரம் எவள் வீட்டுத் தொட்டியில் கிடக்கிறதோ, எவள் கையில் என்ன பாடுபடுகிறதோ என்று தேடிப் பிடிக்கிற வேலை. பாத்திரத்தின் உள்பக்கம் வயிறு, வெளிப்பக்கம் முதுகு, அடிப்பாகம் உள்ளங்கால், விளிம்பு கழுத்து என்று ஊர் ஒரு வாரத்தில் தானாகக் கற்றுக்கொண்டது, பஸ் நேரத்தைக் கற்றுக்கொள்கிற மாதிரி. அடுப்பில் ஏற்றினால் மட்டும் ஏனோ யாருக்கும் சுடவில்லை.

நம் ஊர்களில் கொடுக்கிறவன் பேர் வெட்டாமல் ஒரு டம்ளர்கூடக் கைமாறாது என்பது உங்களுக்குத் தெரியாததா? காதுகுத்துக்குக் கொடுத்த கிண்ணம், சடங்குக்குக் கொடுத்த சம்படம், புதுவீட்டுக்குக் கொடுத்த குடம் என்று எல்லாவற்றிலும் தாய்மாமன் பேரும் அத்தை பேரும் இருந்ததா, அவ்வளவுபேரும் இப்போது யாராரோ தேய்க்கத் தேய்க்கத் துடித்தார்கள். தெருவில் நடந்துபோகிற பெரிய மனிதர் திடீரென்று நெளிந்தால் யாரும் சிரிக்கவில்லை, "யார் வீட்டுல பாத்திரம் விளக்குறாங்களோ" என்று வழிவிட்டார்கள். குழம்பு கொடுத்தனுப்பின தூக்குவாளியை வருஷக்கணக்காகத் திருப்பித் தராதவர்கள் எல்லாம் தாங்களாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மதினி, உள்ள கை வச்சுத்தான் கழுவுனேன், சத்தியமா நார் போடல" என்றார்கள். மாமியார் பேர் போட்ட பாத்திரத்தில் மட்டும் அடிக்கடி பால் பொங்கித் தீய்ந்துபோவதாக வடக்குத் தெருவில் ஒரு பேச்சு இருந்தது, அதை நான் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. பாவம் அரிசிக்கடைக்காரர் ஒருவர், அவர் பேர் போட்ட தவலை என்றைக்கோ பழைய பாத்திரத்தோடு பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டது, எந்த ஊரில் எவள் கையில் இருக்கிறதோ, சாயங்காலமானால் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். செத்தவர்கள் பேர் போட்ட பாத்திரங்களுக்கு யாருக்கும் வலிக்கவில்லை, அவற்றை இஷ்டத்துக்குத் தேய்க்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் பெண்கள் அவற்றைத்தான் இன்னும் மெதுவாகத் தேய்த்தார்கள்.

மண்டபத்தில் கூட்டம் போட்டு, இனிமேல் ஊருக்குள் கம்பி நார் கூடாது என்று தீர்மானம் செய்தார்கள். தீர்மானம் போட்டவர்கள் வேட்டியை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், பாத்திரம் அப்படியே சீனியம்மாவின் முன்னால் கிடந்தது.

சீனியம்மாவுக்கு அலுப்பு என்பது நேற்று வந்த விருந்தாளி அல்ல, கூடவே பிறந்த அக்கா மாதிரி. புருசன் போன பிறகு இந்தப் பின்கட்டுக்கு வந்தவள்தான், ஊரில் எத்தனை தாலி ஏறியதோ அத்தனை கல்யாணத்தின் எச்சிலையும் கழுவியவள், எந்தக் கல்யாணத்திலும் மணமேடையைப் பார்த்தவள் இல்லை. முன்னே என்றால் நாரைச் சுருட்டி நாலு இழுப்பு இழுத்தால் போச்சு. இப்போது அடிப்பிடித்த அண்டாவில் சுடுதண்ணீர் ஊற்றிச் சாம்பலையும் புளிச்சக்கையையும் போட்டு ஊறவைக்க வேண்டும், ஊறினதா என்று நகத்தால் சுரண்டிப் பார்க்கக்கூடக் கூடாது, விரல் நுனியால் தடவித்தான் பார்க்க வேண்டும். பிறகு தேங்காய் நாரைத் தண்ணீரில் போட்டுக் கசக்கி மெதுவாக்கி, எவர்சில்வரின் மேலே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கோடு ஓடும் பாருங்கள், பட்டறையில் சுழலவிட்டுக் கடைசல் பிடிக்கும்போது விழுகிற கோடு, அந்தக் கோட்டின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தால் எங்கேயோ ஒரு பெரிய மனிதர் "அம்மா" என்பார். கடைசியில் எலுமிச்சைத் தோலால் ஒரு சுற்று, அரிசி கழுவின தண்ணீரில் ஒரு அலசு, மெல்லிய வேட்டித் துணியால் ஒரு துடைப்பு. மதியம் முடிகிற வேலை விளக்கு வைக்கிற வரைக்கும் போனது, கூலி மட்டும் எப்போதும்போலத்தான் இருந்தது.

அய்யாத்துரையின் சம்சாரம் ஒரு ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்துவிடுவாள். "பைய, சீனியம்மா, பைய. அவருக்கு சுகர் இருக்கு."

"பச்சப்பிள்ளையக் குளிப்பாட்டுற மாதிரித்தான் தேய்க்கேன் தாயி. இதுக்கு மேல பையன்னா, நான் அண்டாவ மடியில போட்டுத் தாலாட்டத்தான் செய்யணும்."

"உனக்கென்ன, உம் பேரு எதுலயும் இல்ல. நீ குடுத்துவச்சவ."

அது நிஜம்தான். சீனியம்மாவின் பேர் உலகத்தில் எந்தப் பாத்திரத்திலும் இல்லை. அவள் கல்யாணத்துக்கு வந்தது ரெண்டு மண்பானையும் ஒரு அலுமினியச் சட்டியும். அலுமினியத்தில் யார் பேர் வெட்டுவார்கள்? முதல் தடவையாக அந்த இல்லாமையை நினைத்து அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. வந்த நிம்மதி அண்டாவைக் கவிழ்த்து வைக்கிறவரைக்கும்கூடத் தாங்கவில்லை, அவளுக்கு மகள் செவ்வந்தியின் ஞாபகம் வந்துவிட்டது.

செவ்வந்தியைக் கீழநாடூரில் டெம்போ ஓட்டுகிற காளிராஜுக்குக் கட்டிக்கொடுத்து ரெண்டு வருஷம் ஆகிறது. சீனியம்மா ஊரார் பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்து மகளுக்கு ஒரு வீட்டுப் பாத்திரம் வாங்கினாள், குடம் முதல் கரண்டிவரை. சீர் வண்டி கிளம்புவதற்கு முன்னால், பாத்திரக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேர் வெட்டுகிற மாரிக்கனியிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய் இறக்கி, ஒன்றுவிடாமல் 'செவ்வந்தி' என்று வெட்டச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பார்த்தாள். "கரண்டிக்குமாக்கா?" என்று அவன் கேட்டதற்கு, "கரண்டிக்கும், மூடிக்கும், டம்ளருக்கும்" என்றாள். காரணம் இருந்தது. சீனியம்மாவின் அக்கா ஒருத்தி வாழாவெட்டியாகத் திரும்பி வந்தபோது, பேர் இல்லாத பாத்திரம் யார் பாத்திரம் என்று கேட்டு, கட்டின சேலையோடு அனுப்பினார்கள். நாளைக்கு ஒரு மல்லுக்கட்டு வந்தால் பாத்திரம் தானே வாயைத் திறந்து இன்னாருடையது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவள் நினைத்தது.

மாப்பிள்ளையைப் பற்றி அவளுக்குக் குறை இல்லை, இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தாள். "தங்கமான பிள்ளை. எம் மகமேல இன்னைக்கு வரைக்கும் ஒரு அடி விழுந்ததில்ல. கோவம் வந்தா சட்டி பானையத்தான் தூக்கி எறிவாரு" என்பாள், கேட்கிற பெண்களும் "குடுத்து வச்சவ" என்பார்கள். அப்படிப்பட்ட நல்ல மாப்பிள்ளைகள் ஊரில் நிறைய இருந்தார்கள். செவ்வந்தி வரும்போதெல்லாம் ரெண்டு நெளிந்த பாத்திரத்தைப் பையில் போட்டுக் கொண்டுவருவாள், சீனியம்மா ஒன்றும் கேட்காமல் அதைத் தட்டி நேராக்கிக் கொடுத்தனுப்புவாள். இப்போது அந்த நெளிசல் ஒவ்வொன்றும் எங்கே இருந்தது, உள்பக்கமா, வெளிப்பக்கமா என்று அவளுக்கு ஞாபகம் வர ஆரம்பித்தது. பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

கீழநாடூரிலும் எரிச்சல் வந்துதான் இருந்தது, ஆனால் அது கௌரவம் பார்க்கிற ஊர், வெயில் அதிகம் என்று சொல்லிக்கொண்டார்கள். காளிராஜ் வாசலிலேயே வரவேற்றான். "வாங்க அத்தை. என்ன திடீர்னு?"

"சும்மா, பாக்கணும்போல இருந்துச்சு மாப்பிள்ளை."

வெள்ளிக்கிழமை என்பது வசதியாகப் போயிற்று. மகளைத் தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சொல்லி, "வா, முதுகு தேய்ச்சு விடுறேன்" என்று குளியலறைக்குள் கூடவே போனாள். செவ்வந்தி முதலில் வேண்டாம் என்றாள், பிறகு திரும்பி நின்றாள். முதுகில் தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய், நடுவில் குழி விழுந்த மாதிரி இருந்தது.

"என்னடி இது?"

"குடம்மா."

"எந்தக் குடம்?"

"நீ குடுத்த குடந்தான். அன்னைக்குக் குழாயில தண்ணி வரல, குடம் வெறுங்குடமா கெடந்துச்சுன்னு…"

"உம்மேலயா எறிஞ்சாரு?"

"ச்சே, இல்லம்மா. அவரு முத்தத்துல எறிஞ்சாரு. நான் அடுப்படிக்குள்ளதான நின்னேன்."

சீனியம்மா சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது, அதைவிடப் பெரிதாக ஆத்திரம் வந்தது, யார்மேல் என்று தெரியாமல் தன்மேலேயே வந்தது. கடை வாசலில் நின்று, கரண்டிக்கும் மூடிக்கும் டம்ளருக்கும் என்று சொன்னது இந்த வாய்தானே. மகள் உடம்பைத் துண்டு துண்டாக எடுத்து இந்த வீட்டு அடுக்களையில் அடுக்கிவைத்துவிட்டு வந்தது இந்தக் கைதானே.

"எல்லாத்தையும் கட்டுடி. பாத்திரத்தை நான் கொண்டுட்டுப் போறேன்."

"பாத்திரம் வந்தா நானும் வந்தமாதிரிதான்மா. ஊரு அப்படித்தான் பேசும். பெரியம்மா கெதி எனக்கு வேண்டாம்." செவ்வந்தி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள், "அவரு நல்லவருதான்மா. கோவம் ஒண்ணுதான். கோவம் போனா பூ வாங்கிட்டு வருவாரு."

சாப்பிடும்போது மாப்பிள்ளையிடம் பேச்சுவாக்கில் இந்தப் பாத்திர விஷயத்தை எடுத்தாள். காளிராஜ் சிரித்தான். "எவனோ கிளப்பிவிட்டது அத்தை. பாத்திரம் பாத்திரந்தான், மனுசி மனுசிதான். நான் ஒரு நாளும் அவமேல கைவச்சதில்ல, கேட்டுப் பாருங்க." அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. செவ்வந்தி பேர் போட்ட வட்டிலில் சோற்றைப் பிசைந்தபடி அவன் சொன்னான், அவள் ஓரத்தில் நின்று வயிற்றை லேசாகத் தடவிக்கொண்டாள்.

திரும்பி வந்த சீனியம்மா நேரே மாரிக்கனியிடம் போனாள். அந்தப் பயல் அப்போது ஊரில் பேய்க்குச் சமானம், அவன் மிஷினின் டர்ர் சத்தம் கேட்டாலே ஆட்கள் கழுத்தைத் தடவிக்கொண்டார்கள்.

"வெட்டுன பேர அழிக்க முடியுமா தம்பி?"

"அழிக்கணும்னா அரம் போட்டு ராவணும்க்கா. ராவுனா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள், உடம்பு கூசியது. அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? வழி கண்டுபிடிக்காமல் அதற்குத் தூக்கம் வராது. பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குக் குடம் கொடுத்திருந்தார்கள், அதில் அத்தனைபேர் பேரும் இருந்தது, அந்தக் குடத்தைச் செங்கல் பொடி போட்டு விளக்கினால்கூட வாத்தியார்களுக்கு எறும்பு ஊர்கிற அளவுக்குத்தான் இருக்கிறது என்று தெரியவந்தது. வலி பங்கு பிரிகிறது! பேய் மாரிக்கனி மறுநாளே தெய்வமாகிவிட்டான். அண்ணன் பேரோடு தம்பி பேர், மாமன் பேரோடு மச்சான் பேர் என்று கடை வாசலில் வரிசை நின்றது. சொத்துக்குப் பங்கு கேட்டு அடித்துக்கொண்டவர்கள் வலிக்குப் பங்கு கொடுக்க ஆள் தேடினார்கள். அய்யாத்துரை தன் அண்டாவில் மண்டபக் கமிட்டி மொத்தத்தையும் வெட்டச் சொன்னார், கமிட்டியில் ரெண்டுபேர் அன்றைக்கே ராஜினாமா செய்தார்கள். கேட்காமல் கொள்ளாமல் மருமகள் பேரை வெட்டிவைத்த மாமியார்களும் உண்டு, அந்த வீடுகளில் சண்டை நாறியது. பங்கு பிரியப் பிரியக் கம்பி நார் மெல்லக் கடைகளுக்குத் திரும்பி வந்தது, தீர்மானத்தை எவரும் ஞாபகப்படுத்தவில்லை.

சீனியம்மா தீபாவளிவரைக்கும் காத்திருந்தாள். தீபாவளிச் சீர் என்று வேட்டி சேலை, அதிரசம், முறுக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு, மாரிக்கனியையும் அவன் மிஷினையும் கூட்டிக்கொண்டு கீழநாடூருக்குப் போய் இறங்கினாள். சம்பந்தியம்மா பொன்னுத்தாய் மிஷினைப் பார்த்து, "இது என்ன மதினி?" என்றாள்.

"ஒரு குறை இருந்துச்சு மதினி. ஆம்பளை இருக்கிற வீட்டுல, பொழங்குற பாத்திரம் பூராவும் பொம்பளை பேர்ல இருக்கது மரியாதையா? மாப்பிள்ளை பேரும் வெட்டிரலாம்னு ஆளக் கூட்டியாந்தேன்."

பொன்னுத்தாய்க்கு முகம் மலர்ந்துபோயிற்று. ரெண்டு வருஷமாக அவள் மனதில் உறுத்திக்கொண்டிருந்த விஷயம் அது. "நானே கேட்கணும்னு இருந்தேன். எம் பிள்ளை திங்கிற தட்டுலகூட அவன் பேர் இல்லியேன்னு எத்தனை நாள் நெனச்சிருப்பேன்!" காளிராஜும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாத்திரம் பாத்திரம்தான் என்று சொன்ன வாயால் எப்படி வேண்டாம் என்பான்? நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இனிஷியலோடு போடு, எழுத்து கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும், என்று மேற்பார்வை பார்த்தான். குடத்திலும் குண்டானிலும் வட்டிலிலும் கரண்டியிலும், 'செவ்வந்தி'க்குக் கீழே 'மு. காளிராஜ்' ஏறியது, அடுப்படி வாசலில் நின்ற செவ்வந்தி எழுத்துக்கு எழுத்து ஊசி குத்தினதுபோலக் கழுத்தைத் தடவிப் பொறுத்துக்கொண்டாள். அவன் முதுகை ஒருதரம் நெளித்தான், கொசு என்று சொல்லிக்கொண்டான்.

எல்லாம் முடிந்து மாரிக்கனி மிஷினைச் சுருட்டப் போகும்போது சீனியம்மா மெதுவாக, "அப்படியே ஓரத்துல எம் பேரையும் போட்டுரு தம்பி" என்றாள்.

"உனக்கெதுக்குக்கா இந்த வயசுல வம்பு? ஊருல எல்லாரும் தப்பிச்சு ஓடுறாங்க, நீ வாரியே."

"மூணாப் பிரிஞ்சா அவளுக்குக் கொறையும்ல."

பொன்னுத்தாய் என்ன என்று எட்டிப் பார்த்தாள். "குடுத்தவ பேரு மதினி, ஒரு ஞாபகத்துக்கு" என்றாள் சீனியம்மா. அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, வழக்கம்தானே. இப்படியாக அவள் பேர் முதல் முறையாக எவர்சில்வரில் ஏறியது. வெட்டும்போது எறும்பு கடித்த மாதிரி வரிசையாக உடம்பு முழுக்க ஓடியது, அவள் புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு சிரித்த முகமாகவே நின்றாள்.

அன்றிலிருந்து காலையும் சாயங்காலமும், செவ்வந்தி அங்கே பாத்திரம் விளக்குவது இங்கே சீனியம்மாவுக்குத் தெரிந்தது. சின்னக் கை, அவசரக் கை, ஆனாலும் அம்மா சொல்லிக்கொடுத்தபடி கோட்டின் போக்கிலேயே போகிற கை. முதலில் வயிறு, அப்புறம் முதுகு, கடைசியில் எலுமிச்சைத் தோலின் குளிர்ச்சி. தனக்குப் புத்தி தெரிந்த நாளிலிருந்து தன் முதுகை இன்னொருவர் தேய்த்துவிட்டதில்லை என்பது சீனியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. செய்கிற வேலையை அப்படியே நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். மகள் நல்லா இருக்கா, இன்னைக்கும் ஒண்ணும் இல்லை, என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் அண்டாவுக்குள் தலையை விடுவாள்.

கார்த்திகையில் ஒரு முகூர்த்தம். சாப்பாடு முடிந்து பந்தி எடுத்த நேரம், சாம்பார் குண்டானைச் சரித்துப் பிடித்து ஊறவைத்துக்கொண்டிருந்தவளுக்கு முதுகில் தோள்பட்டைக்குக் கீழே 'மொத்'தென்று விழுந்தது. மூச்சு நின்றுவிட்டது. கையிலிருந்த குண்டான் உருண்டு சுவரில் முட்டியது, அவள் சாக்கடை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குடம். குடத்தைத்தான் எறிந்திருக்கிறான், முன்னே நெளிந்த அதே இடத்தில் அடி. வலியோடு வலியாக அவள் மனசு கணக்குப் போட்டது: எனக்கு இவ்வளவு என்றால் அவளுக்கும் இவ்வளவு, அவனுக்கும் இவ்வளவு. அடுப்படியில் நிற்கிற மகளை நினைத்து, "ஆத்தா, அவளுக்கு ரொம்ப இருக்கக்கூடாது" என்று முனகினாள். முற்றத்தில் எறிந்த கையை இன்னும் கீழே இறக்காமல், பின்னால் யார் அடித்தது என்று திரும்பிப் பார்க்கிற காளிராஜையும் நினைத்துக்கொண்டாள். பின்னால் ஒருத்தரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ரெண்டாவது அடிக்காகக் காத்திருந்தாள். அவனுக்குக் கோபம் வந்தால் ஒன்றோடு நிற்காது, குடத்துக்குப் பின்னால் வட்டில், வட்டிலுக்குப் பின்னால் செம்பு என்று வரிசையாக வரும் என்று மகளே சொல்லியிருக்கிறாள். சீனியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முதுகைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. பந்தலில் வாடகைச் சேர்களை மடக்குகிற சத்தம் கேட்டது, மணமக்களின் கார் கிளம்பிப் போனது, அப்போதும் வரவில்லை.

அதன் பிறகு முதுகில் தண்ணீர் பட்டது. வெதுவெதுப்பான தண்ணீர். அடிபட்ட இடத்தில் புளி காந்தியது. மெதுவாக ஒரு கை தேய்க்க ஆரம்பித்தது, அது செவ்வந்தியின் கை இல்லை. கனமான கை, ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை, பயந்து பயந்து தொடுகிற கை. குடத்தின் நெளிசலைத் தொடும்போதெல்லாம் நின்று, தனக்கே வலித்ததுபோல (வலித்துத்தான் இருக்கும்) கொஞ்சம் பொறுத்து, மறுபடி தொட்டது. பாத்திரம் விளக்கிப் பழக்கமே இல்லாத கை, கோடு இந்தப் பக்கம் ஓடினால் அது அந்தப் பக்கம் போனது, சுழித்தது, குறுக்கே இழுத்தது, தேங்காய் நாரைக்கூட நனைக்காமல் எடுத்திருக்கும்போல, சுரீர் சுரீர் என்றது.

நாளைக்கு அவன் திருந்திவிடுவானா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. சீனியம்மாவுக்கும் தெரியாது. எழுந்து குண்டானை எடுக்க வேண்டும், இன்னும் அண்டாக்கள் வரிசையாகக் கிடக்கின்றன, பொழுது சாய்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, எழுந்திருக்க மனம் வரவில்லை.

"மடப்பயலே" என்றாள் முதலில், சுவரைப் பார்த்து. பிறகு மாப்பிள்ளை ஆயிற்றே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "குறுக்கப் போவுது பாருங்க மாப்பிள்ளை. நாரைத் தண்ணியில போட்டுக் கசக்கிக்கிடுங்க. கோட்டுப் போக்குல, பைய, கோட்டுப் போக்குல" என்று சொல்லிக்கொண்டே, கையை முழங்காலில் ஊன்றி, முதுகை நன்றாக வளைத்துக் கொடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.